எண்ணாமல் விற்ற வண்டி

ருகரமா, சனிக்கிழமை

அன்பு மகள் நின்சீமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு கன்றுகள் எல்லாம் ஆண்டவர் தயவில் நலம். அங்கே எடின்பரோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றாமல், நலமாக இருப்பாய் என்று நம்பியே எழுதுகிறேன். இந்த முறை மழை ஏமாற்றவில்லை, புல் முழங்கால் உயரம் நிற்கிறது. வெள்ளை நெற்றிப் பசு கிடேரி போட்டிருக்கிறது, தாயைப் போலவே நெற்றியில் பொட்டு. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை, அது உனக்கே தெரியும். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனிதன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் ஆகாது. பாதிரியார் மகன் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் ஒரு டின் நெய்யும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் படித்த பிறகு நெய்யைத் திற. நெய்யை ருசி பார்த்துவிட்டுப் படித்தால் அப்பனை மன்னித்துவிடுவாய், அது நியாயம் இல்லை.

நம் பழைய கார் பிஹோகோவை எல்லாக் குறையும் சொல்லித்தான் விற்றேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. அது பொய். ஒரு குறையும் சொல்லவில்லை. இந்த வரியை எழுதுவதற்குள் மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். கருஞ்சிவப்பு மாட்டுக்கு வைக்கிற பெயரை அந்த வண்டிக்கு வைத்தவள் நீ, அதனால் யாரை ஏமாற்றினாலும் உன்னை ஏமாற்றியதுதான் அதிகமாக உறுத்துகிறது. நாற்பது வருஷம் சந்தையில் மாட்டு வியாபாரம் பார்த்தவன் நான். குணத்தைச் சொல்லாமல் ஒரு மாட்டின் கயிற்றையும் கை மாற்றியதில்லை. இது உதைக்கும், இதற்கு ஒரு காம்பு அடைப்பு, இது வேலியைத் தாண்டும் என்று வாங்குகிறவன் கேட்கும் முன்பே சொல்லிவிடுவேன். ருவாகிபாலே சொல்லிட்டா பல்லைப் பிடிச்சுப் பார்க்க வேண்டாம் என்று சந்தையே என்னைச் சொல்லும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

முதலில் நான் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். மீட்டர் ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரத்தில் நின்று பதினாலு வருஷம் ஆகிறது, அசல் கணக்கு நாலு லட்சத்து முப்பத்தோராயிரம் கிலோமீட்டர், எஞ்சின் ஹெட்டை மூன்று முறை இறக்கிப் பழுது பார்த்தாயிற்று, நீண்ட ஏற்றத்தில் கொதிக்கும் என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஐயா, இது வண்டியா இல்ல உங்க தாத்தாவா என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அடுத்து கறிக்கடைக்காரன் வந்தான், அவனிடமும் சொன்னேன். கிழ மாடே தேவலாம் பெரியவரே, அதுல கறியாவது மிஞ்சும் என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வண்டி அவகாடோ மரத்தடியில் கிடந்தது, பின்சீட்டில் கோழி முட்டையிட ஆரம்பித்தது. உன் அம்மா தினம் காலையில் முட்டை எடுத்துக்கொண்டு வந்து, இனி வண்டியை விக்க வேணாம், முட்டையை வித்தே பணக்காரர் ஆயிடுங்க என்பாள். உண்மையைச் சொல்லிச் சொல்லி, எதிரே நிற்பவர் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பார்த்து, எனக்கு அலுத்துவிட்டது. இதைச் சாக்கு என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போதுதான் பொனபானா என்கிற நர்ஸ் வண்டி பார்க்க வருவதாகப் போன் செய்தாள். நீ போன பிறகு மலைமேல் உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தவள், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அவள் வரும் நாள் காலையில் நான் செய்த முதல் வேலை, வண்டியின் பெட்டிக்குள் இருந்த உன் நோட்டை எடுத்துக் கேழ்வரகு மாவுப் பானைக்குப் பின்னால் ஒளித்தது. மீட்டர் நின்றுபோன அன்று பதிமூன்று வயதில் நீ கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, இனி எந்தப் பயணமும் எத்தனை கிலோமீட்டர்னு இதுல எழுதணும்ப்பா என்று சட்டம் போட்டாயே, அதே நோட்டு. பிறகு எஞ்சினைத் துடைத்து, ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் ஊற்றி, வண்டியைக் கழுவினேன். உன் அம்மா வாசலில் நின்று, என்ன, இன்னைக்கு வண்டிக்கு ஞானஸ்நானமா என்று கேட்டாள். ஏழு மணிக்கு, காற்றில் குளிர் இருக்கும்போதே, அவளைச் சமதரைத் தார் ரோட்டில் கடைத்தெரு வரை ஓட்டிப் பார்க்க வைத்தேன். ஏத்தத்துல ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாமா ஐயா என்று கேட்டாள். அந்தப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க தாயி என்றேன். ஒரு மண்வெட்டி கூட அங்கே விழவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மீட்டரைக் குனிந்து பார்த்து, ரெண்டு லட்சத்துப் பதினாலுன்னு காட்டுதே, அவ்வளவுதான் ஓடியிருக்கா ஐயா என்று மெதுவாகக் கேட்டாள். இங்கேதான் மகளே, உன் அப்பன் விழுந்த இடம். நான் சிரித்தேன். நம்ம ஜனங்க மாட்டை எண்ணுவாங்களா தாயி, எண்ணினா குறையும்னு உங்க வீட்டுல சொல்லித்தரலியா என்றேன். அவளும் மாட்டுக்காரன் மகள். ஒருவன் மந்தையில் எத்தனை தலை என்று கேட்பது எவ்வளவு பெரிய அநாகரிகம் என்று தெரிந்து வளர்ந்தவள். ஏதோ தகாததைக் கேட்டுவிட்டவள் போல வாயைக் கையால் மூடிக்கொண்டு, தப்பா நினைக்காதீங்க ஐயா என்று சிரித்தாள், அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்னோர்கள் மாட்டுக்குக் கண்ணேறு படக்கூடாது என்று வைத்த வழக்கத்தை நான் ஓட்டை வண்டிக்குத் திரையாகக் கட்டினேன். அவள் வெட்கப்பட்டது பணிவினால். அந்தப் பணிவைத்தான் ஏழு மில்லியன் ஷில்லிங்குக்கு விற்றேன், வண்டியை இல்லை.

கை கொடுத்து முடித்து, உன் அம்மா பால் கொண்டுவந்து வைத்த பிறகுதான் எதற்காக வாங்குகிறாள் என்று சொன்னாள். எங்க மேட்டுல பொம்பளைங்க வலி எடுத்தா மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேருக்கு நடுவுல உட்கார்ந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க ஐயா, இனிமே படுத்துக்கிட்டுப் போவாங்க என்றாள். நான் பால் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் மலையிலிருந்து இறங்கி வந்து டவுனுக்குப் போகும் வழியில்தான் ருகரமா ஏற்றம் இருக்கிறது, ஒன்பது கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பணம் இன்னும் மேசை மேல்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. அவள் போன பிறகு உன் அம்மா, எல்லாம் சொன்னீங்களா என்று கேட்டாள், சொல்லியாச்சு என்றேன். சாயங்காலம் நீ கேட்டாய், உனக்கும் அதையே சொன்னேன். உங்களை நினைச்சா பெருமையா இருக்குப்பா என்றாய். அன்றிலிருந்து களி இறங்கவில்லை. பணத்தில் பாதியைப் போட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் அடித்தேன், மழை பெய்தால் அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவேன், வாசல் வரை போய்ச் செருப்பு சரியில்லை என்று திரும்பிவிடுவேன்.

பத்தொன்பதாம் நாள் பால் லாரிக்காரன் வந்து சொன்னான். ஜோவியா என்று ஒரு பெண், வயிற்றில் பிள்ளை குறுக்கே திரும்பிவிட்டது, பொனபானா அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். ஏற்றத்தில் பாதியில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் அந்த ரோட்டோரத்தில் கிடந்திருக்கிறார்கள். பிறகு இவன் லாரி வர, பால் கேன்களுக்கு நடுவே படுக்கவைத்து டவுனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது, ஆனால் அழுவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டதாம், அதற்குப் பிறகு பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இடது கை சரியாகப் பிடிக்கிறதா என்று இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று லாரிக்காரன் ஏதோ வேடிக்கைக் கதை போலச் சொல்லிவிட்டுப் பாலை ஏற்றிக்கொண்டு போனான். நான் தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுதேன் என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அந்த வாரமே பொனபானா ஒரு தார் வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தாள். சட்டையைப் பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவளோ கோணல் கூடத்தில் நின்றுகொண்டு, எனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்கிறாள். உங்க வண்டியைக் கெடுத்துட்டேன் ஐயா, ஏத்தத்துல எந்த கியர்ல போகணும்னு எனக்குத் தெரியல, நீங்க பதினெட்டு வருஷம் கண்ணு மாதிரி ஓட்டினதை நான் பத்தொன்பது நாள்ல நாசம் பண்ணிட்டேன், கொஞ்சம் சொல்லிக் கொடுங்க என்றாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், கவலைப்படாத தாயி, நானே வந்து ஓட்டித் தரேன் என்று வந்துவிட்டது. உன் அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்படி ஐந்து வாரம் ஓட்டினேன். செவ்வாயும் வெள்ளியும் போவேன், கூப்பிட்டால் மற்ற நாளும் போவேன். பின்னால் கம்பளிக்கு அடியில் இரண்டு கேன் தண்ணீர். ஏற்றத்தில் நாலு இடத்தில் நிறுத்துவேன், எனக்கு ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லி எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, எஞ்சின் ஆறும் வரை புதர்ப்பக்கம் நின்று நேரம் கடத்திவிட்டு, மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவேன். கிழவனுக்கு நீர்க்கடுப்பு என்று மலை முழுக்கப் பேச்சு. அதோடு விட்டார்களா, கூலி வாங்காமல் ஓட்டுகிறான் என்று புகழ்ச்சி வேறு. பாதிரியார் பிரசங்கத்தில் என்னைக் காட்டி, இவரைப் போல இருங்க என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குக் காது எரிந்தது. வைதால் கூடத் தாங்கலாம் மகளே, தகுதியில்லாமல் கிடைக்கிற புகழைச் சுமக்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். பொனபானா ஊசித் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். இத்தனை தரம் ஒண்ணுக்குப் போறது நல்லதில்ல ஐயா, சர்க்கரையா இருக்கும், ஒரு சொட்டு ரத்தம் பார்த்துடலாம், எங்க அப்பாவை இப்படித்தான் கவனிக்காம விட்டுட்டோம் என்றாள். அந்தக் கையை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீட்டர், ஹெட், ஒளித்துவைத்த நோட்டு, தோண்டாத ரோடு, எண்ணக்கூடாது என்று சொன்ன வேடிக்கை, கம்பளிக்கு அடியில் தண்ணீர், எல்லாம். அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். பிறகு, அந்த நோட்டு இப்ப எங்க என்றாள். வீட்டில் இருக்கிறது என்றேன். எடுத்துட்டு வாங்க என்றாள். நடந்தே வீட்டுக்கு வந்தேன், உன் அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் நோட்டைக் கையில் கொடுத்தாள், அட்டையில் ஒரு பொட்டு மாவு கூட இல்லை. ரெண்டு மாசமா இதைத் தள்ளி வச்சுட்டுத்தான் மாவு அள்றேன், நீங்களா எடுப்பீங்கன்னு பார்த்தேன் என்றாள். அவ்வளவு வாய் பேசுகிறவள் இந்த ஒன்றை மட்டும் பேசாமல் வைத்திருந்திருக்கிறாள்.

திரும்பிப் போனபோது முற்றத்தில் பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் வயிறும் பிள்ளையுமாக. பொனபானா என்னை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மாட்டுக்குச் சொல்ற மாதிரி இதோட குணத்தைச் சொல்லுங்க ஐயா, இவங்கதான் இதுல போகப்போறவங்க என்றாள். சொன்னேன். இது பிஹோகோ, நாலு லட்சத்து முப்பத்தோராயிரம் ஓடியது, மீட்டர் பொய் சொல்கிறது, மூன்று முறை ஹெட் இறக்கியது, ஏற்றத்தில் மூன்றாவது கிலோமீட்டரில் கொதிக்கும், இதை விற்றவன் இது எதையும் சொல்லவில்லை என்றேன். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. நிறைமாதமாக இருந்த ஒருத்தி, நாலு லட்சமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வயிற்றின் மேல் கையை வைத்தாள். பணத்தைத் திருப்பித் தருகிறேன், குறைகிறதற்கு ஒரு கிடேரி தருகிறேன் என்றேன். கிடேரி மேல ஏத்திக்கிட்டா பிரசவத்துக்குப் போவேன் என்று பொனபானா கேட்டாள். வண்டி வேணும் ஐயா, வேற வண்டி எனக்கு எப்ப வரும், புது ரேடியேட்டர் மட்டும் போட்டுக் கொடுங்க என்றாள். நான் இனிமேலும் ஓட்டுகிறேன் தாயி, சாகும் வரை ஓட்டுகிறேன் என்றேன். அவள் சாவிக்குக் கையை நீட்டினாள். வேணாம், குணம் தெரிஞ்சா எனக்கே ஓட்டத் தெரியும், இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அடிவாரத்துலயே லாரியை வரச்சொல்லி நிறுத்தி வச்சிருப்பேன், ஜோவியா அங்க படுத்திருக்க மாட்டா என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. சாவியை அவள் கையில் வைத்தேன்.

மீதிப் பணத்தில் ரேடியேட்டர் வாங்கிப் புதன்கிழமை போட்டாயிற்று. ஜோவியா வீட்டுக்கு இன்னும் போகவில்லை. நாளை கோவிலிலிருந்து நேரே போகிறேன், வெள்ளை நெற்றிக் கிடேரி பால்குடி மறந்ததும் அந்தப் பிள்ளைக்கு என்று சொல்லிவைக்க வேண்டும். ஆனால் முதலில் நான் செய்ததைச் சொல்லிவிட்டுத்தான் கிடேரியைப் பற்றிப் பேசுவேன், வேண்டாம் என்று துரத்தினால் துரத்தட்டும். உன் அம்மாவும் கூட வருகிறேன் என்கிறாள், முழங்காலோடு எப்படி நடப்பாள் என்று தெரியவில்லை. உன் நோட்டை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், அதற்கும் கோபித்துக்கொள். முதல் பக்கத்தில் உன் குண்டு எழுத்து, அதற்குப் பிறகு என் கிறுக்கல், இப்போது பொனபானா எழுதுகிறாள். நேற்று எட்டிப் பார்த்தேன், டவுன், போக வர எழுபத்திரண்டு என்று போட்டிருந்தாள்.

சரி அம்மா, விளக்குக்கு எண்ணெய் இருக்கும்போதே முடிக்கிறேன். அங்கே பனியில் நடக்கும்போது பார்த்து நட, ராத்திரி வேலை முடிந்தால் தனியாக வராதே, தலைக்குத் தொப்பி போட்ட படம் ஒன்று அனுப்பு, உன் அம்மா ஓயாமல் கேட்கிறாள். ஆண்டவர் உன்னைக் கண்ணிமை போலக் காக்கட்டும், உன் கைக்கு வரும் எதுவும் ஒளிக்க வேண்டாததாக இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய், எப்படித் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன், பெருமையாக இருக்கிறது என்று மட்டும் கொஞ்ச நாளைக்குச் சொல்லாதே. ஒன்று எழுத மறந்துவிட்டேன். அன்று சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போன அந்தப் பெண், வாசல் வரை நடந்துவிட்ட என்னைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் முகத்தைப் பார்க்காமலே விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். சர்க்கரை இல்லையாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
யோரோகாமு ருவாகிபாலே